இருபதாயிரம் துளிகள்

எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூரில் கலியாணம் என்றால், முகூர்த்தத்துக்கு முதல் நாள் பிற்பகலிலேயே பந்தலின் பின்புறம் கோட்டை அடுப்பு போட்டு, அதன்மேல் அகன்ற இரும்புச் சட்டியை ஏற்றி, ஊர்ச் செக்கில் ஆட்டிய மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயைக் காயவைத்து, சமையற்காரர் ஒரு கையில் பூந்திக் கரண்டியும் மறு கையில் கடலைமாவுக் கரைசல் நிறைந்த கிண்ணமுமாக வந்து நிற்பதைக் காண்பதற்கென்றே தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அவர்களுள் ஒருவனாக நானும் பல முறை நின்றிருக்கிறேன். கரண்டியின் கண்கள் வழியே மாவு இழையாக இறங்கி, இழை அறுந்து, அறுந்த துணுக்கு எண்ணெயில் விழுந்த கணத்திலேயே உருண்டையாகி, ஒன்றைப்போல் மற்றொன்றாக நூற்றுக்கணக்கில் மிதந்து எழும். யாரும் அவற்றை உருட்டவில்லை, அளந்து போடவுமில்லை. "கெட்டியா கரைச்சா வால் விடும்பா, தண்ணியா கரைச்சா சப்பையா விழும், அடியைத் தொடைக்காம ரெண்டாம் ஈடு ஊத்தினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்" என்று சமையற்காரர், கேட்காமலே, எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மாவின் பக்குவம், கண்ணின் அளவு, கரண்டி அடியின் சுத்தம் ஆகிய இந்த மூன்று விதிகளையும் ஒரு நுட்பமான விஞ்ஞான சாதனத்தின் இலக்கணமாக நான் மறுபடியும் சந்தித்தது வெகுகாலம் கழித்து, எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு வந்த வியாதியை முன்னிட்டு.

அவர் எனக்குப் பெரியப்பா முறை ஆக வேண்டும். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும், மேட்டு நிலத்தில் மல்லாட்டையும் பயிரிட்டு வந்தவர். சில வருஷங்களுக்கு முன் காரணம் தெரியாத களைப்பும், இடப் பக்க விலாவின் கீழ் ஒரு பாரமும் அவருக்குக் கண்டபோது, இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் வெள்ளணுக்கள் இருக்க வேண்டிய அளவைப்போல் பல மடங்கு பெருகியிருந்தன. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்று என்று பெயர் சொன்னார்கள். மனித உயிரணுவில் 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதனால், இயற்கையில் எங்கும் அடுத்தடுத்து இல்லாத இரண்டு மரபணுக்கள் இணைந்து பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ஒரு விபரீத மரபணுவாகி, அணுக்களை ஓயாமல் பெருகச் செய்வதே இந்த வியாதியின் மூலம். குட்டையாகிப்போன அந்த 22-ஆம் குரோமோசோமை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்போர்டும் 1960-இல் கண்டார்கள். துண்டுகள் இடம் மாறியதே காரணம் என்பதை ஜானட் ரௌலி என்ற அம்மையார் 1973-இல் விளக்கினார். விபரீத மரபணுவின் பெயரிலுள்ள பி.சி.ஆர். வேறு, நான் இனிச் சொல்லப்போகும் பரிசோதனையான பி.சி.ஆர். வேறு, எழுத்துக்கள் ஒன்றாக அமைந்தது தற்செயலே.

நல்லவேளையாக இந்த வியாதிக்கு மாத்திரை உண்டு. இமாடினிப் என்ற அந்த மருந்து 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுக்க, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி மறுப்பே உறுதியாயிற்று. எங்கள் பெரியப்பாவைப் போன்ற ஒரு விவசாயி தினந்தோறும் அந்த மாத்திரையை விழுங்க முடிகிறதென்றால் அதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். ஆனால் மாத்திரை உட்கொண்டு வியாதி அடங்கிய பிறகுதான் கடினமான கேள்வி பிறக்கிறது. பகை அணுக்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? சாதாரண மரபணு ஒன்றின் குறியீட்டோடு ஒப்பிடும்போது விபரீத மரபணுவின் குறியீடு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஒரு நிலை. லட்சத்தில் மூன்று என்ற அளவுக்கு இறங்கினால் அதைவிட ஆழ்ந்த நிலை. அந்த ஆழத்தில் சில வருஷங்கள் நிலைத்திருப்பவர்களுள் சிலருக்கு, வைத்தியரின் கண்காணிப்பில், மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுகூட இன்று சாத்தியமாகியிருக்கிறது. ஆகையால் லட்சத்தில் மூன்றா, முப்பதா என்ற வித்தியாசம் வெறும் கணக்குப் பிள்ளையின் வித்தியாசமன்று; ஒரு மனிதனின் வாழ்நாள் நியமத்தையே மாற்றக்கூடிய வித்தியாசம்.

இத்தனை சொற்பமான பொருளை அளப்பதற்கு முதலில் அதைப் பெருக்க வேண்டும். அதற்கு வழி கண்டவர் காரி மல்லிஸ். 1983-இல் அவருக்குத் தோன்றிய பாலிமரேஸ் தொடர்வினை என்ற யுக்தி அவருக்கு 1993-இல் நோபெல் பரிசைத் தந்தது. டி.என்.ஏ.வின் இரட்டை இழையைச் சுமார் 95 பாகை உஷ்ணத்தில் பிரித்து, பிறகு உஷ்ணத்தைத் தணித்து, நாம் தேடும் பகுதியின் இரு முனைகளில் மட்டும் பொருந்தும் சிறு துணுக்குகளை ஒட்டவைத்து, ஒரு நொதியைக் கொண்டு ஒவ்வோர் இழைக்கும் எதிரிழையைக் கட்டினால் ஒன்று இரண்டாகும். மீண்டும் அதே சுற்று, இரண்டு நான்காகும். 40 சுற்றுக்களில் ஒரே ஒரு பிரதி ஏறக்குறைய ஒரு லட்சம் கோடியாகப் பெருகிவிடும். கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் கெடாத அந்த நொதி, யெல்லோஸ்டோன் என்னுமிடத்து வெந்நீர் ஊற்றுக்களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது.

பெருகும்போதே ஒளிரும்படி ஒரு சாயத்தைச் சேர்த்துவிட்டு, எத்தனையாவது சுற்றில் ஒளி கருவிக்குத் தெரிந்தது என்பதைக் கொண்டு ஆரம்பத்தில் எத்தனை பிரதிகள் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணிப்பதே சாதாரணமாக வழக்கத்தில் உள்ள முறை. கொரோனாக் காலத்தில் ஊரார் எல்லோருக்கும் பழக்கமான பரிசோதனை இதுதான். பெரிய வித்தியாசங்களைக் காட்ட இது போதும். சிறிய எண்ணிக்கைகளுக்கு இதன் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. சுற்றுதோறும் சரியாக இரண்டு மடங்கு ஆகாமல், இரத்தத்தில் கலந்த ஏதோ ஓர் அசுத்தத்தின் தடையால் 1.9 மடங்கே ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சுற்றுக்களின் முடிவில் வந்து சேர்வது, வரவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாக இருக்கும். கூட்டு வட்டிக் கணக்கில் வட்டி வீதத்தைச் சிறிது தவறாக எழுதியவனுக்கு நேரும் கதியே இங்கும் நேர்கிறது. ஒளி தோன்றிய நேரத்தை மட்டும் பார்த்து முதலைக் கணிப்பவர், வட்டி வீதத்தை நம்பிக் கணிக்கிறார்.

வட்டியை நம்பாமல் முதலை நேரே எண்ணிவிட முடியுமா? முடியும் என்ற யோசனை, சிந்தித்துப் பார்த்தால், மிக எளியது. கரைசலைப் பெருக்குவதற்கு முன்பே பல சிறு பாகங்களாகப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் பிரதி ஒன்று இருக்கும், அல்லது இராது, எப்போதாவது இரண்டு மூன்று இருக்கும் என்னும் அளவுக்குச் சிறிதாகப் பிரிக்க வேண்டும். பிறகு எல்லாப் பாகங்களையும் ஒன்றாகச் சூடேற்றிப் பெருக்கினால், பிரதி இருந்த பாகம் ஒளிரும்; இல்லாதது இருண்டு கிடக்கும். ஒளி சீக்கிரம் வந்ததா, தாமதமாக வந்ததா, இரண்டு மடங்கா, 1.9 மடங்கா என்ற விசாரமெல்லாம் அங்கே தேவையில்லை. முடிவில் ஒளிர்கிறதா, இல்லையா என்பது ஒன்றே கேள்வி. ஆஸ்திரேலியாவில் அலெக் மோர்லியின் குழுவினர் 1992-இல் இந்தப் பாதையில் இரத்தப் புற்றைக் குறித்தே ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் பெர்ட் வோகல்ஸ்டைனும் கென்னத் கின்ஸ்லரும் 1999-இல் இதற்கு 'டிஜிட்டல் பி.சி.ஆர்.' என்ற பெயரைச் சூட்டினார்கள். உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளால் பேசுவதனால் அந்தப் பெயர்.

யோசனை எளிது, அதை நிறைவேற்றுவது அப்படியன்று. கையால் பிரித்தால் நூறு பாகங்கள் பிரிக்கலாம். சில நூறும் பிரிக்கலாம். லட்சத்தில் மூன்றைத் தேடுகிறவனுக்கு அது எம்மாத்திரம்? ஆயிரக்கணக்கில், பதினாயிரக்கணக்கில் பாகங்கள் வேண்டும். அவை அத்தனையும் சமமான அளவில் இருக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன், ஏனெனில் இந்த விஞ்ஞானத்தின் சாரம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. துளிகளின் விட்டம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினால் கனம் ஏறக்குறைய பதினாறு பங்கு கூடிவிடும். விட்டத்தில் காணும் சிறு பிழை கனத்தில் மும்மடங்காகப் பெருகும் என்பது வடிவக் கணிதத்தின் கண்டிப்பு. சிறிதும் பெரிதுமாகக் கலந்த பாத்திரங்களில் நெல்லை அளந்துவிட்டு இத்தனை பாத்திரம் நெல் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கும்? ஆக, இருபதாயிரம் பாத்திரங்கள், அத்தனையும் ஒரே அளவு, அவற்றைச் செய்து நிரப்பி மூடுவதற்கு இரண்டொரு நிமிஷங்களே அவகாசம் என்று கேட்டால் எந்தக் குயவனால் முடியும்?

ஓடும் நீருக்கு அது முடிகிறது. தலைமயிரின் கனமே உள்ள ஒரு கால்வாயில் பரிசோதனைக் கரைசல் வருகிறது. அதற்குச் செங்குத்தாக இரு புறங்களிலிருந்தும் அதே அளவுள்ள கால்வாய்களில் எண்ணெய் வருகிறது. மூன்றும் ஒரு நாற்சந்தியில் சந்தித்து, நான்காவது வழியாக வெளியேறுகின்றன. இத்தனை குறுகிய வழியில் திரவத்தின் பிசுக்குத்தன்மை அதன் வேகத்தை அடக்கியாள்வதனால், நமது மடைவாயில் காணும் சுழிப்பும் குமுறலும் அங்கே கிடையாது; பிரவாகம் பட்டு நூலைப் பிரித்து விட்டதுபோல அடுக்கடுக்காக, சாந்தமாகச் செல்லும். அதே காரணத்தால் அங்கே நிகழ்வதெல்லாம் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப நிகழும். கரைசல் சந்திக்குள் தலையை நீட்டும். இரு புறத்து எண்ணெயும் அதன் கழுத்தைப் பிடித்து நெருக்கும். கழுத்து மெலிந்து, நூலாகி, அறும். அறுந்த தலை ஒரு துளியாக உருண்டு எண்ணெயில் மிதந்து முன்னே போகும். பின்னால் அடுத்த தலை நீளும். ஒரு வினாடியில் நூறு முறைக்கு மேல் இது நடக்கிறது. பெரிதும் புழக்கத்திலுள்ள ஓர் யந்திரத்தில் 20 மைக்ரோலிட்டர் கரைசல், அதாவது ஒரு சொட்டை விடக் குறைந்த அளவு, சுமார் 20,000 துளிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துளியின் விட்டமும் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்தத் துளிகள் குவிந்த குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எண்ணெய்க்கு மேலே மோரில் திரளும் வெண்ணெய்போல் ஒரு மங்கலான வெள்ளைப் படலம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

கழுத்து ஏன் அறுகிறது என்பது பழைய கேள்வி. நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோலைப்போல, எப்போதும் சுருங்கவே விழைகிறது. ஒரே கனமுள்ள வடிவங்களுள் மிகக் குறைந்த பரப்புள்ளது உருண்டை. ஆகவே நீண்ட நீரிழைக்கு இழையாகவே நீடிக்க மனமில்லை. இழையின் நீளம் அதன் சுற்றளவைக் கடந்தால் அது நிலைகுலையத் தொடங்கும் என்று கண்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாட்டோ. கண் பார்வையை இழந்த நிலையில், உடனிருந்தவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல, பரிசோதனைகளைத் தம் மனத்தாலேயே நடத்தி 1873-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் அஸ்திவாரம். இழை எந்த இடைவெளியில் அறுந்தால் மிக வேகமாக அறும் என்பதை 1870-களின் இறுதியில் கணித்துக் காட்டியவர் ராலே பிரபு. இந்த வரிசையில் நம்மவர் ஒருவருக்கும் இடம் உண்டு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை நட்சத்திரங்களின் ஆயுள் முடிவை ஆராய்ந்தவராகவே நாம் அறிவோம்; ஆனால் திரவப் பிரவாகங்கள் எப்போது நிலைத்திருக்கும், எப்போது குலையும் என்பது குறித்து 1961-இல் அவர் வெளியிட்ட பெருநூலில், நீர்த்தாரைகளும் நீருருளைகளும் குலையும் விதம் நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. நட்சத்திரத்திலிருந்து குழாய்ச் சொட்டு வரை ஒரே கணிதத்தின் ஆட்சி செல்லும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

நுண்கால்வாய்க்குள் நிலைமை இன்னும் ஒரு படி விசேஷமானது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீபன் குவேக் முதலியோர் 2001-இல், டி என்ற ஆங்கில எழுத்தைப்போல் இரு கால்வாய்கள் கூடும் இடத்தில் எண்ணெயும் நீரும் சந்தித்தால் துளிகள் ஒழுங்காகப் பிறந்து அணிவகுப்பதைக் காட்டினார்கள். எண்ணெய் இரு புறமும் நெருக்கும் அமைப்பை ஷெல்லி அன்னாவும் ஹோவர்ட் ஸ்டோனும் 2003-இல் விவரித்தார்கள். ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் முதலியோர் 2006-இல் விளக்கிய செய்தி எனக்கு மிகவும் அழகாகத் தோன்றுகிறது. மெதுவான ஓட்டத்தில், பிறந்துகொண்டிருக்கும் துளி கால்வாயையே அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட எண்ணெய் பின்னால் தேங்குகிறது. தேங்கத் தேங்க அழுத்தம் ஏறி, அந்த அழுத்தமே துளியின் கழுத்தை நெரித்துத் துண்டித்துவிடுகிறது. மடையை அடைத்த வைக்கோலைத் தேங்கிய நீரே தள்ளிக்கொண்டு போவதுபோல், துளி தன் பிறப்புக்கு வேண்டிய பலத்தைத் தானே தேடிக்கொள்கிறது. இதன் பயனாகத் துளியின் அளவைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டே: கால்வாயின் அகலமும், இரண்டு திரவங்களின் ஓட்ட விகிதமும். சமையற்காரர் கண்ணின் அளவையும் மாவின் பக்குவத்தையும் காத்தார். இங்கே கண்ணையும் ஓட்டத்தையும் காத்தால், இருபதாயிரமாவது துளியும் முதல் துளியைப்போலவே இருக்கும். வாலும் இங்கே உண்டு. அறும் கழுத்து நீண்டுவிட்டால் அதுவே தனியாகத் திரண்டு, பெரிய துளிகளுக்கிடையே கண்ணுக்கு எட்டாத குட்டித் துளிகளாகச் சிதறும். நிபுணர்கள் அவற்றைத் துணைத்துளிகள் என்று கூறித் தவிர்க்கப் பாடுபடுகிறார்கள்.

கரண்டியின் அடியைத் துடைக்கும் விதிக்கு வருகிறேன். கால்வாயின் சுவர் நீரை விரும்புமானால் கரைசல் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடுமே தவிர, எண்ணெயால் சூழப்பட்டு அறுந்து விழாது. ஆகவே சுவர் எண்ணெயால் நனைவதாகவும் நீரை ஒதுக்குவதாகவும் இருக்க வேண்டும்; சேப்ப இலையின் மேல் விழுந்த மழைத்துளி ஒட்டாமல் உருளும் அந்தக் குணமே வேண்டும். ஆய்வுக்கூடங்களில் இத்தகைய கால்வாய்களைச் செய்யும் விதம் அச்சுவெல்லம் வார்ப்பதற்கு வெகு தூரத்தில் இல்லை: சிலிக்கன் தகட்டின் மேல் ஒளியால் கடினமாகும் ஒரு பசையைப் பூசி, கால்வாயின் வடிவத்தை மேடாக நிறுத்தி, அதன்மேல் சிலிக்கோன் ரப்பர்க் குழம்பை ஊற்றி, இளஞ்சூட்டில் இறுகவிட்டு உரித்தெடுத்தால், மேடு இருந்த இடமெல்லாம் பள்ளமாகப் பதிந்திருக்கும், கண்ணாடியை வைத்து மூடினால் கால்வாய் தயார். வைட்சைட்ஸின் ஆய்வுக்கூடம் 1998-இல் பரப்பிய இந்தச் சுலபமான வழிதான் இத்துறையை உலகெங்கும் மாணவர் கைக்குக் கொண்டுவந்தது. வியாபாரத்துக்கு வரும் சில்லுகளோ அச்சில் அழுத்திய பிளாஸ்டிக்.

பிறந்த துளி பிழைத்திருக்கவும் வேண்டும். நாற்பது முறை 95 பாகை வரை சூடேறித் தணியும்போது, நெருங்கிக் கிடக்கும் இருபதாயிரம் துளிகளில் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டால் கணக்கு முழுவதும் நாசம். அதனால் இங்கே எடுத்துக்கொள்ளும் எண்ணெய் நம் செக்கெண்ணெய் அன்று, புளோரின் அணுக்கள் செறிந்த, நீரைவிடக் கனமான ஒரு திரவம், டி.என்.ஏ.வும் நொதியும் அதில் கரைந்து கசிந்துவிடுவதில்லை. ஒரு முனை அந்த எண்ணெயையும் மறு முனை நீரையும் விரும்பும் சோப்புப் போன்ற ஒரு பொருள் எண்ணெயில் கலந்திருக்கிறது. அது ஒவ்வொரு துளியின் மேலும் சட்டைபோல் படிந்து, அண்டைத் துளியோடு கலக்கவொட்டாமல் காக்கிறது. பாலிலுள்ள நெய்த்துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பதற்குப் புரதங்கள் முதலியவை அவற்றின்மேல் இவ்வாறு சட்டையாகப் படிவதே காரணம் என்பதை நினைத்தால், இந்தச் சாதனம் அந்நியமாகத் தோன்றாது. சூடேற்றி முடிந்ததும் துளிகள் ஒற்றை வரிசையில் ஓர் ஒளிக்கற்றையைக் கடந்து செல்ல, ஒளிர்வது ஒன்று, இருண்டது ஒன்று என்று யந்திரம் எண்ணிக்கொண்டே போகிறது.

எண்ணி முடித்த பிறகு ஒரு கணக்கு மீதி இருக்கிறது. சென்ற கோடையில் முதல் மழை வந்தபோது, மொட்டை மாடியில் பதித்த சதுர ஓடுகளின்மேல் பெருந்துளிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்க, நான் என் பேத்தியிடம் நூறு ஓடுகளைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் காட்டி, எத்தனை ஓடு நனையவில்லை என்று எண்ணச் சொன்னேன்.

"நனையாததை எதுக்குத் தாத்தா எண்ணணும்? நனைஞ்சதைத்தானே எண்ணணும்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் நனைந்த ஓட்டின் மேல் ஒரு துளி விழுந்ததோ, மூன்று விழுந்தனவோ, ஈரம் பரவியபின் யார் அறிவார்? நனையாத ஓடு மட்டும் பொய் சொல்லாது: என்மேல் ஒன்றும் விழவில்லை என்று அது ஐயத்துக்கிடமின்றிச் சாட்சி சொல்கிறது. நூறு ஓடுகளில் 37 உலர்ந்திருந்தால் விழுந்த துளிகள் 63 அல்ல, ஏறக்குறைய 100. 14 உலர்ந்திருந்தால் சுமார் 200. சிமெயோன் பொய்ஸோன் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1837-இல் எழுதிவைத்த நியதி இது. டிஜிட்டல் பி.சி.ஆரிலும் அப்படியே: 20,000 துளிகளில் 2,000 ஒளிர்ந்தால், பிரதிகள் 2,000 அல்ல, சுமார் 2,107, இரட்டையாகவும் மும்மையாகவும் ஒரே துளிக்குள் மறைந்து நின்றவை மீதி 107. எல்லா ஓடுகளும் நனைந்துவிட்டால் இந்தக் கணக்கு எடுபடாது. அப்போது கரைசலை நீர்க்கச் செய்து மறுபடியும் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கு செல்லுபடியாவதற்கு ஓடுகள் சமமாக இருக்க வேண்டும் என்பதையும், பெரிய ஓட்டில் துளி விழும் வாய்ப்பு அதிகம் என்பதையும் பேத்தி தானே கண்டுபிடித்துச் சொன்னாள். மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பாதியாக வெட்டிப் பதித்த ஓடுகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அவள் வாதாடியபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

விஞ்ஞானிகளுக்கும் இந்தப் பாடம் ஒருமுறை தேவைப்பட்டது. நான் மேலே குறிப்பிட்ட யந்திரத்தில் ஒரு துளியின் கனம் 0.91 நானோலிட்டர் என்று முதலில் கொள்ளப்பட்டிருந்தது. நுண்ணோக்கியால் அளந்து பார்த்ததில் அதைவிடக் குறைவு என்று தெரியவந்து, பின்னர் 0.85 எனத் திருத்தினார்கள். எண்ணிக்கையில் பிழையில்லை, பாத்திரத்தின் அளவில் இருந்த பிழை, அதுவரை கூறப்பட்ட அடர்த்திகளையெல்லாம் நூற்றுக்கு ஏழு பங்கு குறைத்துக் காட்டியிருந்தது. ஒப்புமைக்கு அளவுகோல் வேண்டாத தனி அளவை என்று புகழப்படும் இந்த முறை, கடைசியில் ஒரு துளியின் விட்டத்தில் வந்து நிற்கிறது என்பதை அந்தத் திருத்தம் எடுத்துக்காட்டிற்று.

இத்தகைய எண்ணிக்கை எங்கெல்லாம் பயன்படும் என்று கேட்டால், எங்கள் ஊருக்கு வடக்கே போளூரைத் தாண்டி வரும் வேலூரையே காட்டலாம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆலோக் ஸ்ரீவாஸ்தவாவின் தலைமையில், இரத்தம் உறையாத ஹீமோபிலியா வியாதியுள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்த ஸ்டெம் அணுக்களிலேயே குறையுள்ள மரபணுவுக்கு மாற்றான நல்ல மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்திய சிகிச்சையின் பலன் 2024 டிசம்பரில் வெளியாயிற்று. சிகிச்சைக்குப் பிறகு கவனித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றிருந்தது. அணுக்களில் ஏற்றிய மரபணுவின் பிரதிகள் எத்தனை என்பதற்கும், உடலில் உறைகாரணி எவ்வளவு உண்டாயிற்று என்பதற்கும் தொடர்பு இருந்ததாக அவர்கள் கண்டார்கள். ஓர் அணுவுக்குச் சராசரியாக எத்தனை பிரதி என்ற இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் துளி முறையை உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் நாடுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் எந்திரவியல் துறையில் ஆஷிஷ் குமார் சென்னும் அவருடைய மாணாக்கர்களும் நுண்கால்வாய்களில் துளிகளைப் பிறப்பிப்பது, துளிகளையும் உயிரணுக்களையும் பிரிப்பது, வழிதிருப்புவது ஆகியவற்றை ஆராய்ந்து வருகிறார்கள். பெங்களூரின் பிக்டெக் ஆய்வுக்கூடத்தில் உருவான ட்ரூநாட் என்ற சில்லுப் பரிசோதனை, மின்கலத்தால் இயங்கிச் சிறு சுகாதார நிலையத்திலேயே காசநோயைக் கண்டறிந்து சொல்கிறது. 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் அதற்குச் சம்மதம் அளித்தது. அது துளிகளை எண்ணும் சாதனம் அன்று. ஆயினும் கட்டைவிரல் அளவுள்ள சில்லுக்குள் பி.சி.ஆரை அடக்கிக் கிராமத்துக்குக் கொண்டுவர இந்த நாட்டில் முடியும் என்பதை நிரூபித்திருக்கிறது. துளி யந்திரமும் ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் மருத்துவமனை மேஜைக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. இன்றைக்கு அதன் விலையும், அதன் எண்ணெயின் விலையும் அதற்கு இடம் தரவில்லை.

ஆதலால் பெரியப்பாவின் இரத்தம் ஊரை விட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. சென்ற முறை அது ஒரு பெருநகர ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, அதிலுள்ள ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டு, துளிகளாகப் பிரிந்து எண்ணப்பட்டது. காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் திண்ணைக்கு வந்தார்.

"கண்டறியப்படவில்லைன்னு போட்டிருக்கான். அப்போ ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா, தம்பி?"

இதைவிடச் சிறந்த கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. "இருபதாயிரம் துளியிலயும் ஒண்ணுகூட ஒளிரலை, பெரியப்பா. ஆனா அவங்க எடுத்துப் பார்த்தது ஒரு சொட்டு. அதே மாதிரி இன்னொரு சொட்டு எடுத்திருந்தா ஒண்ணோ ரெண்டோ இருந்திருக்கலாம். கணக்கு என்ன சொல்லுதுன்னா, ஒரு சொட்டுக்குச் சராசரியா மூணுக்கு மேல இருந்தா, இப்படி ஒண்ணுமே படாம போறது நூத்துல அஞ்சு தடவைகூட நடக்காது. அதனால மூணுக்குள்ளதான் இருக்கும்னு நம்பலாம். இல்லவே இல்லைன்னு சொல்ல அந்தக் காகிதத்துக்கு அதிகாரம் இல்லை" என்றேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. ஏமாற்றம் அடைவாரோ என்று நான் அஞ்சினேன். ஆனால் விதை மல்லாட்டையில் பத்துப் பருப்பை ஈரத்துணியில் முடிந்து வைத்து, பத்தும் முளைத்தால்கூட மூட்டை முழுவதும் முளைக்கும் என்று சத்தியம் செய்யாத விவசாயி அவர்.

"மூணுக்குள்ளேன்னா சரிதான். அது பாட்டுக்கு இருக்கட்டும், நானும் என் பாட்டுக்கு இருக்கேன்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சாப்பாட்டு வேளையாகியிருந்தது, அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, சோற்றுக்குப் பிறகு ஒரு பெரிய சொம்புத் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.